ஃபெல்ட்டுக்கு ஒரு மணி நேர மழை

காலையிலிருந்து வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த மழை, மூன்று மணிக்குத்தான் மனசு வைத்து இறங்கியது. அதற்காகவே காத்திருந்த செலஸ்தீனா டெல்லியிலிருந்து மாதிரிக்கு வந்து மேசைமேல் கிடந்த, இன்னும் தொப்பியாக்காத சாம்பல் நிற ஃபெல்ட் கூம்பை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைப் படியிறங்கினாள். "குடை?" என்றார் பின்னாலிருந்து அருளப்பன். பன்னிரண்டு வருஷமாக அவள் தொப்பிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர் கேட்கிற கேள்வியா இது? குடை பிடித்தால் ஃபெல்ட் எப்படி நனையும், நனையாவிட்டால் அது முயலா ஆடா என்று யார் வந்து சொல்வது? திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டிவிட்டு நடந்தாள். "நாலு மணிக்கு டெல்லிக்காரன் போன் பண்ணுவான், அதுக்குள்ள வந்திரு" என்று அவர் குரல் பாதி ரோடுவரை வந்து நின்றுபோனது. வருவேன் வருவேன், வராமல் எங்கே போவேன். எந்த ஊரிலிருந்து எந்த ஃபெல்ட் வந்தாலும் ஒரு மணி நேரம் மழையில் தலையில் போட்டுக்கொண்டு நடப்பது அவள் வழக்கம். வாளித் தண்ணீரில் முக்கினால் ஆகாதா என்று கேட்காத ஆள் குன்னூரில் இல்லை. ஆகாது. வாளிக்குக் காற்று உண்டா, சாரல் உண்டா, உள்ளே ஒரு தலையின் சூடு உண்டா? முயல் ரோமத்தை அமுக்கிச் செய்த ஃபெல்ட் என்றால் மழையை மேலேயே உருட்டிக் கீழே விட்டுவிடும். கம்பளி கலந்ததென்றால் அரை மணி நேரம் நல்லபிள்ளையாக இருக்கும், அப்புறம் குடிக்க ஆரம்பிக்கும், கனக்கும், தொங்கும். எரித்துப் பார்க்கலாம் என்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம், இரண்டும் முடிதானே, இரண்டும் ஒரே மாதிரி பொசுங்கி ஒரே மாதிரி நாறும். மழைதான் பொய் சொல்லாது. இன்றைக்கு நாலு மணிக்கு அவள் சரி என்றால் டெல்லிக்காரன் முப்பது கூம்பு அனுப்புவான், இல்லையென்றால் அது வேறு யாருக்கோ போய்விடும், பதினொரு தலை காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

பதினொரு தலை. அட்டையில் ஒவ்வொருத்தர் மண்டையின் அளவையும் வளைவையும் வரைந்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள், பெயர்கூடப் பார்க்க வேண்டாம், கோடு பார்த்தாலே ஆள் தெரியும். தலை என்றால் வட்டம் என்று நினைக்கிறார்கள் ஜனங்கள், வட்டமாம் வட்டம், பலாக்கொட்டை மாதிரி ஒன்று, பின்னால் பலகை அடித்ததுபோல் ஒன்று, எஸ்டேட் மானேஜர் ஒருத்தருக்கு இடது பக்கம் மட்டும் ஒரு மேடு, அவருக்கே தெரியாத மேடு, அவளுக்குத் தெரியும். அத்தனை பேரும் எப்பம்மா கிடைக்கும் எப்பம்மா கிடைக்கும் என்று கேட்டுவிட்டு இப்போது கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். கேட்பதை நிறுத்தினால்தான் பயம். கேட்கிறவரைக்கும் நம் வாடிக்கையாளர், நிறுத்திவிட்டால் ஊட்டியில் வேறு கடை பார்க்கிறார் என்று பொருள். ஆனால் இன்றைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, காலையில் பார்சலைப் பிரித்து உள்ளங்கையை வைத்துத் தடவியதுமே தெரிந்துவிட்டது, முயல்தான், சுத்த முயல், வழுக்கிக்கொண்டு போனது கை. சளக்கென்று காலில் சேறு தெறித்தது. தெறிக்கட்டும். பழக்கடைக்காரர் "தொப்பியக்கா, இன்னிக்கி என்ன பரீட்சையா?" என்று கத்தினார். "ஆமா, நீங்க வந்து மார்க் போடுங்க" என்று இவளும் கத்தினாள். சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு அவளைப் பார்த்துச் சிரித்துப் பழகிவிட்டது, அவளுக்கும் இந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் மழையில் நடந்த மாதிரியே இருக்காது. மணியைக் கவிழ்த்தாற்போல் காதுவரை இறங்கிய கூம்பும், நனைந்த சேலையும், கையில் குடையில்லாமல் ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளையும் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள், அவளே சிரிப்பாள்.

கூம்பின் மேல் மழை விழுகிற சத்தம் உள்ளே கேட்டது. தகரக் கூரைச் சத்தம் இல்லை, குடைச் சத்தமும் இல்லை, யாரோ விரல் நுனியால் தலையணையைத் தட்டுகிற சத்தம். இந்தச் சத்தத்துக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா. வந்தது சலவைக்கடையிலிருந்து. யாரோ ஒரு துரைசாமி கர்னலின் தொப்பியைக் கடையில் தெரியாமல் வெந்நீரில் போட்டு அது சுருங்கிக் கைக்குழந்தைத் தொப்பியாகிப்போய், முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, இவள் கெட்டில் ஆவியில் காட்டிக் காட்டி ஒரு செம்புமேல் இழுத்து இழுத்து ராத்திரிக்குள் பழையபடி ஆக்கிவிட்டாள். ஆவிக்குள் கையைவிட்டு இழுக்கவேண்டும். மற்றவள் என்றால் ஐயோ அம்மா என்று கையை உதறியிருப்பாள். அன்றைக்கு ஆரம்பித்தது, இருபத்திரண்டு வருஷமாக ஆவிக்குள்தான் கை, இப்போது கொதிக்கிற கெட்டில்மேல் வைத்தால்கூடச் சூடு தெரியாது, பாருங்களேன் என்று வருகிறவர்களிடம் காட்டுவாள். அது ஒரு பெருமை. அருளப்பனுக்கு ஒரு சோற்றுப்பானையைத் துணியில்லாமல் தூக்கத் தெரியாது, அவர் கை பஞ்சு, முப்பது வருஷம் கணக்கெழுதிய கை, பேனாவைத் தவிர எதையும் அழுத்திப் பிடித்ததில்லை. கமாலுத்தீன் பாய் கை அப்படி இல்லை. பாய் ஃபெல்ட்டைக் கொடுக்கும்போது கையால் கொடுக்கமாட்டார், விரல் முட்டியின்மேல் போட்டு நீட்டுவார், "நீங்க தொடுங்கம்மா, நான் தொட்டா எனக்கு நல்லதாத்தான் தெரியும், நான் விக்கிறவன்" என்பார். சே. அந்த ஆள் ஞாபகம் எதற்கு இப்போது.

எதற்கு என்றால், வந்துவிட்டது, வந்தால் போகாது. சென்னை மண்ணடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பாயின் கடை. பத்து வருஷம் அவரிடம்தான் வாங்கினாள். போர்ச்சுகல்லிலிருந்து வரவழைப்பார், ஆயிரம் இரண்டாயிரம் எடுக்கிற கம்பெனிக்காரர்களுக்கு நடுவில் இவளுக்கென்று இருபது, முப்பது தனியாகப் பொறுக்கி வைப்பார். அப்படிப்பட்டவரைப் போன வருஷம் ஆகஸ்ட்டில் போனில் கூப்பிட்டு இவள் கேட்ட கேள்வி இருக்கிறதே. மாட்டு டாக்டர் போஜனுக்குச் செய்த தொப்பி. ஜூனில் கொடுத்தாள், ஆகஸ்ட்டில் அவர் மார்க்கெட் ரோட்டில் எதிர்ப்பக்கம் போனபோது பார்த்தாள், விளிம்பு சுற்றிலும் தொங்கிக் கொண்டிருந்தது, ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. கிட்டே போய்ப் பார்க்கக்கூட முகமில்லாமல் ரோட்டின் இந்தப் பக்கமே நின்று போனில் படம் எடுத்து, எடுத்த கையோடு பாய்க்கு அனுப்பி, அவர் போனை எடுத்ததும், "கம்பளி கலந்ததை முயல்னு வித்திட்டீங்களே பாய், இது ஹலாலா?" அந்தக் கடைசி வார்த்தை. அது இல்லாமலும் சண்டை போட்டிருக்கலாம். பிஸ்மில்லா சொல்லிவிட்டுத்தான் பில்லே எழுதுகிற மனுஷனைப் பார்த்து அந்த வார்த்தை. அவர், "நீங்க அப்படி நினைச்சா அப்படியே இருக்கட்டும்மா" என்றார். வைத்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று அன்றைக்கு அருளப்பனிடம் சொன்னாள். அன்றைக்கு மட்டுமா, பதினைந்து மாசமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். குற்றமில்லாதவன் சண்டைக்கு வரமாட்டானா? ஹலாலா. வந்திருப்பானே. ஹலாலா என்று கேட்டால் வராமல் இருப்பானா. போகட்டும், முடிந்துபோன கதை, டெல்லிச் சரக்கு வந்துவிட்டது, மேட்டில் மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கும்போது பழசெல்லாம் மேலே வரும், வேறொன்றுமில்லை.

சிம்ஸ் பார்க் எதிரே டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. பாதி தூரம் ஆயிற்று, கூம்பு இன்னும் நிமிர்ந்துதான் நிற்கிறது, கொஞ்சம் கனக்கிறதோ? இல்லை, கழுத்து வலி. உள்ளே பெஞ்சில் மாட்டு டாக்டர் போஜனே உட்கார்ந்திருந்தார். நினைத்தால் நேரில் வந்து நிற்கிற ஆள் என்றால் இவர்தான், நூறு வயசு. அந்தத் தொப்பி அவர் முழங்காலில். செலஸ்தீனா அதைப் பார்க்காத மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பினாள். டீ மாஸ்டர் "அக்கா, சூடு, மேல பிடிங்க" என்றார். இவள் கிளாஸை அடியோடு சேர்த்துக் கையில் வாங்கிக்கொண்டாள், எனக்கா சூடு. "என்ன செலஸ்தீனம்மா, கோயில் மணியக் கழட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார் டாக்டர். "டெல்லி மணி டாக்டர், சுத்த முயல்" என்றாள். அவர் சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் செம்மறி மந்தை ஏதாச்சும் போச்சாப்பா?" என்று மாஸ்டரைக் கேட்டார். "இந்த மழைல மந்தையா, என்ன டாக்டர்" என்றார் மாஸ்டர். டாக்டர் மறுபடியும் உறிஞ்சினார், பெஞ்சிலிருந்து எழுந்தார், இரண்டு அடி வைத்தார், அவள் தலைக்கு நேராகக் குனிந்தார், தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதீங்கம்மா, வாசனை உங்க தலையிலருந்துதான் வருது" என்றார். முப்பது வருஷமாக ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போடுகிற மூக்கு, அதனிடம் என்ன வாதாடுவது. கூம்பைக் கழற்றி முகர்ந்தாள். நனைந்த ஆடு. சந்தேகமே இல்லாத, அச்சு அசல், கிடையில் நிற்கிற ஆடு. காலையில் இதே கை, இதே உள்ளங்கை, சுத்த முயல் என்று சொன்னதே?

கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. அடியில் பிடித்திருக்கிற விரல்களில் எதுவும் தெரியவில்லை, சூடு தெரியவில்லை, கண்ணாடி தெரிகிறதா, கண்ணாடியின் வழவழப்பு? அதுவும் இல்லையே, கிளாஸ் இருக்கிறது என்று கண்தான் சொல்கிறது. "உங்க தொப்பியக் கொஞ்சம் குடுங்க டாக்டர்" என்றாள், கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு. "ஐயோ, இதுவா, மாட்டு வாசனை வரும்மா, என் பொழப்பு அப்படி." "பரவாயில்ல குடுங்க." கொடுத்த பிறகு முதல் தடவையாக அது அவள் கைக்கு வந்தது. முகர்ந்தாள். மாட்டுக் கொட்டகை, தேங்காயெண்ணெய், மருந்து. ஆடு இல்லை. மழையில் வந்த தொப்பி, தலையை மூடுகிற மண்டைப் பாகத்தின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றுகொண்டிருக்கிறது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. "விளிம்பு தொங்குதே, ஒருநாள் கூட நீங்க சொல்லலியே டாக்டர்?" "தொங்குனா தொங்கிட்டுப் போகுது, கண்ணுல மழை விழாம இருக்கு. மண்டைக்கு ஒண்ணும் ஆகலியேம்மா, முதல் நாள் குடுத்த மாதிரியே இருக்கு." மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பளியாக இருந்தால் மண்டையும்தானே அமுங்கியிருக்க வேண்டும், ஒரே ஃபெல்ட், ஒரே கூம்பு, மேல் பாதி முயலாகவும் கீழ்ப் பாதி ஆடாகவுமா இருக்கும்? தொப்பியைத் தூக்கி டீக்கடை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். மண்டை இருட்டு. விளிம்பில் வெளிச்சம் தெரிந்தது. மல் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்தாற்போல், சுற்றிலும், மெல்லிசாக.

கடைசியில் உப்புத்தாள். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்ப்பதுதான் தொப்பியில் கடைசி வேலை, சொரசொரப்புப் போகிறவரை தேய்த்து, தடவிப் பார்த்து, போதும் என்றால் நிறுத்த வேண்டும். போதும் என்று கைதான் சொல்லவேண்டும். அந்த ஜூன் மாசம் அவள் உட்கார்ந்து தேய்த்தது இப்போது அப்படியே வந்து நின்றது, ஜன்னல், வானொலியில் ஏதோ பாட்டு, இன்னும் வழவழப்பு வரவில்லையே, இன்னும் கொஞ்சம், இன்னும் வரவில்லையே, டாக்டருக்கு நல்லதாக இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தது. வழவழப்பு எப்போதோ வந்திருக்கும். கைக்குத்தான் தெரியவில்லை. பாதி ஃபெல்ட்டைத் தூளாக்கித் தரையில் கொட்டிவிட்டு, கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், ஹலாலா என்று கேட்டாளாம். அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது, காது மடல்வரை சுட்டது, அந்தச் சூடு மட்டும் நன்றாகத் தெரிந்தது. சூடு தெரியாது சூடு தெரியாது என்று ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டோமே. எத்தனை தொப்பி இப்படிப் போயிருக்கும், பெங்களூருக்கு அனுப்பிய ஏழு, கோத்தகிரி மிஸ்ஸம்மாவுடையது, எல்லாரையும் கூப்பிட்டு விளிம்பு மாற்றித் தர வேண்டும், தருவோம், கைதானே போயிற்று, கண் இருக்கிறது, டியூப்லைட் இருக்கிறது. யோசித்தபடி டாக்டரின் தொப்பி மண்டையைத் தூக்கி மேலுதட்டில் வைத்து உரசிப் பார்த்தாள். அம்மாடி. அங்கே தெரிந்தது. ஒவ்வொரு முடியும் தெரிந்தது, முயல்தான், என்ன மிருது, என்ன மிருது, பத்து வருஷம் இந்த மனுஷன் அனுப்பியது இதைத்தான். டாக்டரும் டீ மாஸ்டரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "டாக்டர், இத நான் எடுத்துட்டுப் போறேன், புது விளிம்பு வச்சுத் தரேன்" என்றாள். "அப்ப நான் மழைல எப்படிப் போறது?" என்றார் அவர் பாவமாக. கையிலிருந்த டெல்லிக் கூம்பை அவர் தலையில் கவிழ்த்துவிட்டு இறங்கி நடந்தாள். இறக்கம் என்பதால் மூச்சு வாங்கவில்லை, மழை நேராகத் தலையில் விழுந்தது, விழட்டும். இத்தனைக்கும் நடுவில் உள்ளே எங்கோ லேசாக இருந்தது, ஏன் என்று பார்த்தால், பாய் ஏமாற்றவில்லை. பதினைந்து மாசமாகத் தொண்டையில் நின்ற முள் அதுதான் போல, ஏமாந்தோம் என்பதல்ல, ஏமாற்றியவர் பாய் என்பது.

கடைக்குள் நுழைந்தபோது நாலாக ஐந்து நிமிஷம். "தொப்பி எங்க? தல நனைஞ்சு..." என்று எழுந்த அருளப்பனைக் கையமர்த்திவிட்டு போனை எடுத்தாள். எடுக்கமாட்டார் என்று நினைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்கம்மா" என்றார், நேற்றுத்தான் பேசியது மாதிரி. "பாய், அது முயல்தான் பாய். டாக்டர் தொப்பி. இன்னிக்கித்தான் கையில வாங்கிப் பாத்தேன். நான்தான் விளிம்ப ஓவரா தேய்ச்சிருக்கேன். என் கைதான்..." அந்தப் பக்கம் மண்ணடித் தெருவில் யாரோ ஆட்டோ ஹாரன் அடித்தார்கள். "தெரியும்மா" என்றார் பாய். "என்ன தெரியும்?" "நீங்க போட்டோ அனுப்புனீங்கல்ல, அதப் பாத்தப்பவே தெரியும். மண்டை நிமிந்து நிக்குது, விளிம்பு மட்டும் விழுந்திருக்கு. இருபத்தஞ்சு வருஷமா இதைத்தானே பாக்குறேன்." "அப்ப ஏன் பாய் சொல்லல? அவ்வளவு பெரிய வார்த்தை பேசினேனே, திருப்பி ஒண்ணு சொல்லியிருக்கலாமே?" "சரக்கு சரியில்லன்னா நீங்க வேற கடைக்குப் போயிருவீங்க, அவ்வளவுதானம்மா. கை சரியில்லன்னு சொன்னா நீங்க எங்கம்மா போவீங்க?"

அவள் ஈரச் சேலையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். டெல்லி நம்பர் அருளப்பனின் போனில் அடித்தது. "என்ன சொல்ல?" என்று வாயசைத்தார். "ஆடு நல்லாருக்கு, எங்களுக்கு முயல்தான் வேணும்னு சொல்லுங்க" என்றாள். மண்ணடியில் பாய் சிரித்தது கேட்டது. "பதினொண்ணு வேணும் பாய், பதினொரு தலை காத்திருக்கு." "பொறுக்கித்தான் வச்சிருக்கேன், நாளைக்கே போட்டு விடுறேன். தேய்க்கிறதுதான்..." "அதுக்கு வேற கை இருக்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். டாக்டரின் தொப்பியை மடியில் வைத்து, அருளப்பனின் கையைப் பிடித்து இழுத்து விளிம்பின்மேல் வைத்தாள். "தொடுங்க. எப்படியிருக்கு?" அவர் பயந்து பயந்து தடவினார், இரண்டு தரம், மூன்று தரம். "வழவழன்னு இருக்கு. ஆனா அளவுக்கு மேல தேய்ச்சிருக்கு" என்றார். "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று அவள் சண்டைக்குப் போனாள். "தொட்டுப் பாருங்கன்னு நீ என்னிக்கி சொன்ன?" என்றார் அவர், துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிக்கொண்டே.